டப்பாவின் மேல் இருக்கும் பச்சைப் படம்

குற்றம் சாட்டப்பட்டவர் தாமாகவே அளித்த வாக்குமூலம். உதவி ஆய்வாளர் கேட்க, நிலைய எழுத்தர் எழுதியது. தொடங்கிய நேரம் மாலை 5.10.

என் பெயரும் தகப்பனார் பெயரும் முதல் தாளில் எழுதப்பட்டுவிட்டன. வயது முப்பத்தெட்டு. திருமணம் ஆகவில்லை. என் அக்காவின் வீட்டு மாடியில் இரண்டு அறைகளில் குடியிருக்கிறேன். கீழே அக்காவும் அவள் கணவரும் இருக்கிறார்கள். அக்கா பள்ளி வேன் ஓட்டுகிறாள். நான் ஒரு தனியார் கல்லூரி ஆய்வகத்தில் பதினோரு ஆண்டுகளாகக் கணினி வேலை பார்க்கும் ஆய்வு உதவியாளர். இதற்கு முன் என் மேல் வழக்கு எதுவும் இல்லை. இங்கே என்னை யாரும் அடிக்கவோ மிரட்டவோ இல்லை. டீ கொடுத்தார்கள், குடிக்கப் பிடிக்கவில்லை. கோபமாக இருக்கிறார் என்று எழுதட்டுமா என்று எழுத்தர் கேட்டார். தாராளமாக எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.

புகாரில் என் மேல் மூன்று குற்றங்கள் சொல்லியிருக்கிறார்கள். இன்று பிற்பகல் பொடி நிரப்பும் கூடத்தில் நுழைந்து ஆறு டிரம் பொடியில் தண்ணீர் விட்டு நாசமாக்கினேன் என்பது ஒன்று. கூடத்தின் உரிமையாளர் மேல் தண்ணீரைப் பீய்ச்சினேன் என்பது இரண்டு. ஆய்வகக் கணினியில் இருந்த கோப்புகளை அழித்தேன் என்பது மூன்று. முதல் இரண்டும் உண்மை. மூன்றாவது கலப்படமில்லாத பொய். புகாரில் எழுதாத நான்காவது குற்றம் ஒன்று இருக்கிறது. அது மற்ற மூன்றையும் விடப் பெரியது, அதைச் செய்தவளும் நான்தான்.

ஆய்வகத்தில் என்ன வேலை என்று உதவி ஆய்வாளர் கேட்டார். நாம் தின்னும் மாவுச்சத்தைக் குடலில் சர்க்கரையாக உடைக்கும் ஒரு நொதி உடம்பில் உண்டு. அந்த நொதியில் ஒரு பள்ளம் இருக்கிறது. அந்தப் பள்ளத்தில் வேறு ஏதாவது போய் அடைத்துக்கொண்டால் சர்க்கரை ஏறுவது குறையும். செடிகளில் இருக்கும் வேதிப்பொருட்களில் எது அந்தப் பள்ளத்தில் நன்றாக உட்காரும் என்று கணினியில் ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்து மதிப்பெண் போடுவதுதான் என் வேலை. நல்ல மதிப்பெண் வந்தால் அது மருந்து என்று அர்த்தமில்லை. சோதனைக் குழாயில் போட்டுப் பார்க்கத் தகுதி உண்டு என்றுதான் அர்த்தம். அதன் பிறகு எலி, அதன் பிறகு மனிதர், அதற்குள் பத்து வருடம் ஓடிவிடும், பெரும்பாலும் ஒன்றும் தேறாது. பெண் பார்க்கப் போகும் முன்பு போட்டோ பார்ப்பது மாதிரிதான் இது. போட்டோவைப் பார்த்துவிட்டுக் குழந்தைக்குப் பெயர் வைப்பவர்களும் இருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

பொருத்திப் பார்க்கும் முன்பு பள்ளம் எங்கே இருக்கிறது என்று கணினிக்குச் சொல்ல வேண்டும். அதற்கு நொதியின் மேல் ஒரு கட்டம் போடுவோம். மூன்று எண்கள் கொடுத்தால் கட்டத்தின் நடுப்புள்ளி எங்கே என்று கணினி தெரிந்துகொள்ளும். கட்டத்துக்கு வெளியே அது எட்டிக்கூடப் பார்க்காது. எண்கள் தவறாக இருந்தால் கணினி கோபித்துக்கொள்ளாது, சொன்ன இடத்தில் சொன்ன வேலையைச் செய்து அழகாக மதிப்பெண் போட்டுக் கொடுத்துவிடும். அதனால் முதலில், ஏற்கெனவே அந்தப் பள்ளத்தில் உட்காரும் என்று உலகத்துக்கே தெரிந்த பழைய மருந்து ஒன்றைப் பொருத்திப் பார்ப்போம். அது தன் இடத்தில் போய் உட்கார்ந்தால் கட்டம் சரி. "பழசு உட்காராமல் புதுசைத் தொடாதே" என்று நானே எழுதி ஆய்வகச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். புதிதாகச் சேருபவர்களை அந்தத் தாளின் முன்னால் நிறுத்தி வாசிக்க வைப்பேன். ஊருக்கு உபதேசம் என்று சும்மாவா சொன்னார்கள்.

கடந்த ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு கொடியிலிருந்தும் வேறு சில செடிகளிலிருந்தும் இருநூற்றுப் பதினான்கு வேதிப்பொருட்களின் பட்டியல் எனக்கு வந்தது. கொடியின் பெயரை எழுதச் சொன்னார்கள். சொல்ல மாட்டேன். சொன்னால் நாளைக் காலையே யாராவது அதைப் பிடுங்கி அரைத்துக் குடிப்பார்கள். பட்டியல் வந்த அன்று பிற்பகலே வெளியிலிருந்து பார்வையாளர்கள் வருகிறார்கள், அதற்குள் முடிவு வேண்டும் என்று எங்கள் பேராசிரியர் மூன்று முறை வந்து நின்றார். எதைக் கேட்டாலும் திரையில் ஒரு ஸ்லைடு போட்டுக் காட்டுவதால் முதுகுக்குப் பின்னால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ஸ்லைடு. அதன் பிறகு நான், அதற்கு முந்தைய வேலையில் ஈரல் கொழுப்புக்காக வேறொரு புரதத்தை வைத்துச் செய்த அமைப்புக் கோப்பை அப்படியே நகல் எடுத்து, புரதத்தின் பெயரை மாற்றி, வேதிப்பொருட்களின் பட்டியலை மாற்றி, மூன்று எண்களை மாற்றாமல் ஓட்டிவிட்டேன். பழைய மருந்தைப் பொருத்திப் பார்க்கவில்லை. அறிக்கையையும் பழைய அறிக்கையிலிருந்தே நகல் எடுத்ததால், "சரிபார்க்கப்பட்டது" என்ற வரி ஏற்கெனவே அதில் இருந்தது. அதன் கீழே கையெழுத்துப் போட்டேன். இதுதான் நான் சொன்ன நான்காவது குற்றத்தின் முதல் பாதி.

கட்டம் நொதியின் பின்பக்கத்தில், ஒரு வேலைக்கும் உதவாத ஒரு மடிப்பில் போய் விழுந்திருந்தது. அந்த மடிப்பில் கொடியின் வேதிப்பொருள் பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டு முதலிடம் பிடித்தது. அன்று நான் இரண்டு படங்கள் எடுத்தேன். ஒன்று மடிப்பை மட்டும் பெரிதாக்கிக் காட்டுவது, மற்றது முழு நொதியையும் காட்டுவது. முதல் படத்தை அறிக்கையில் வைத்தேன். இரண்டாவது ஆய்வகக் கணினியிலேயே கிடந்தது, அதை நான் திரும்பிப் பார்க்கவே இல்லை.

அன்று வீட்டுக்குப் போனதும் அக்காவிடம், சர்க்கரைக்கு ஒன்று கிடைத்திருக்கிறது, முதலிடம் என்று சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். அவளுக்கு ஒன்பது வருடமாகச் சர்க்கரை, இரண்டு வருடமாக இன்சுலின் ஊசி. ஊசி போடுகிறாள் என்று பள்ளியில் தெரிந்தால் வேன் சாவியை வாங்கிவிடுவார்கள் என்ற பயத்தில், வேனின் பின்சீட்டில் திரையை இழுத்துவிட்டுக்கொண்டு ஊசி போடுவாள். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "அப்ப ஊசிக்கு ஒரு முடிவு வந்துடும்ல பாப்பா?" என்று கேட்டாள். முப்பத்தெட்டு வயதிலும் அவளுக்கு நான் பாப்பாதான். வரும், ஆனால் ரொம்ப வருடம் ஆகும் என்றேன். அவள் காதில் முதல் சொல் மட்டும்தான் விழுந்திருக்கிறது.

அதன் பிறகு அந்த ஆண்டு முடிவதற்குள், சோதனைக் குழாயும் இல்லாமல் எலியும் இல்லாமல், பேராசிரியரின் மைத்துனர் அந்தக் கொடியைக் காயவைத்து அரைத்துப் பொடியாக டப்பாவில் அடைத்து விற்கத் தொடங்கினார். மருந்து என்று போட்டால் அனுமதி வேண்டும் என்பதால் "ஆரோக்கிய உணவு" என்று போட்டார்கள். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் பேசாமல் இருந்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஆனால் டப்பாவை நான் கண்ணால் பார்த்ததில்லை.

இன்றைக்குப் பத்தொன்பது நாட்களுக்கு முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி சுமாருக்கு, நான் கீழே இறங்கி அக்காவின் சமையலறைக்குப் போனபோது அலமாரியில் அந்த டப்பா இருந்தது. அக்கா அதை எடுத்து என் கையில் கொடுத்து, "பாத்தியா, உன் படத்தைப் போட்டிருக்கான். கடைக்காரர்கிட்ட இது என் தங்கச்சி கண்டுபிடிச்சதுன்னு சொன்னேன், நம்பவே மாட்டேங்கிறார்" என்றாள். டப்பாவின் மேல் இருந்தது நான் எடுத்த இரண்டாவது படம். முழு நொதியும் சாம்பல் நிறத்தில், கொடியின் வேதிப்பொருள் பச்சையில். டப்பாவுக்குப் படம் வரைந்தவருக்கு அது அழகாகத் தெரிந்திருக்கும். அந்த நொதியைப் பதினோரு வருடமாகப் பார்க்கிறேன், சொந்தக்காரர் முகம் மாதிரி எனக்குத் தெரியும். பள்ளம் படத்தின் இடது பக்கம் காலியாக இருந்தது. பச்சை வலது ஓரத்தில், முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. கீழே "கணினியால் நிரூபிக்கப்பட்டது" என்று போட்டிருந்தார்கள். டப்பாவை அடுப்பு மேடையில் வைத்தேன்.

அக்காவிடம் இதைச் சாப்பிடாதே என்றேன். ஏன் என்று கேட்டாள். இன்னும் சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது என்றேன். நான் தப்புச் செய்துவிட்டேன் என்று சொல்லவில்லை. அவள் சிரித்துவிட்டு, "உனக்கு எப்பவும் தன்னடக்கம் ஜாஸ்திடி" என்றாள். ஊசி போடுகிறாயா என்று கேட்டேன். போடுகிறேன் என்றாள். அவள் சொன்னது பொய் என்று எனக்குத் தெரியாது, நான் மறைத்தது உண்மை என்று அவளுக்குத் தெரியாது. அக்காளும் தங்கையும் ஒருவருக்கொருவர் இளைத்தவர்கள் இல்லை.

மறுநாள் காலை ஆய்வகம் திறந்ததும் பழைய மருந்தை அந்தக் கட்டத்தில் பொருத்திப் பார்த்தேன். உட்காரவில்லை. அதன் பிறகு கட்டத்தைச் சரியான இடத்துக்கு நகர்த்திப் பொருத்தினேன். பழைய மருந்து போய்ச் சமத்தாக உட்கார்ந்தது. அதன் பிறகு இருநூற்றுப் பதினான்கையும் மறுபடி ஓட்டினேன். முதலிடத்தில் இருந்த கொடியின் பொருள் நூற்று அறுபத்து மூன்றாம் இடத்துக்குப் போனது. இரண்டு முடிவுகளையும் அச்செடுத்துக்கொண்டு பதினோரு மணிக்குப் பேராசிரியரின் அறைக்குப் போனேன்.

பேராசிரியர் இரண்டு தாள்களையும் பார்த்தார். அவருக்கு விஷயம் ஒரு நிமிடத்தில் புரிந்துவிட்டது, புரியாதவர் என்று நான் அவர் மேல் பழி சொல்ல மாட்டேன். தாள்களைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "வெறும் இலைப் பொடிதானேம்மா, யாரை என்ன பண்ணிடப் போகுது?" என்றார். சர்க்கரைக்காரர்கள் இதை நம்பி மருந்தை நிறுத்திவிடுவார்கள் என்றேன். நிறுத்தச் சொல்லி நாம் எங்கேயும் எழுதவில்லை என்றார். விற்பனையை நிறுத்தச் சொல்லுங்கள் என்றேன். அதற்கு அவர் குரலை உயர்த்தாமல், "கட்டம் போட்டது யாரு? ரிப்போர்ட்ல கையெழுத்து யாரோடது? நிறுத்தினா ஏன்னு கேப்பாங்க. அப்ப யார் பேரு நாறும்னு யோசிச்சுக்கோ" என்றார். நான் அவர் அறையிலிருந்து வெளியே வந்தேன். வந்து என் இடத்தில் உட்கார்ந்து வேறு வேலை பார்த்தேன்.

இதுதான் அந்தக் குற்றத்தின் இரண்டாவது பாதி. மூன்று எண்களை மாற்ற மறந்தது அவசரம். அதற்குப் பிறகு சில நாட்கள் வாயை மூடிக்கொண்டிருந்தது அவசரம் இல்லை. தினமும் காலையில் எழுந்து, குளித்து, யோசித்து, மூடிக்கொண்டிருந்தேன். கீழே இறங்கும்போது டப்பா அலமாரியில் இருந்தால் அந்தப் பக்கம் பார்க்க மாட்டேன். பேராசிரியர் மேல் எனக்கு இருக்கும் கோபத்தை எழுத இந்தத் தாள்கள் போதாது. ஆனால் அவர் என் வாயில் பூட்டுப் போடவில்லை. பூட்டைக் காட்டினார், நானே வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

இன்று காலை எட்டே முக்கால் மணிக்கு அக்கா பிள்ளைகளைப் பள்ளி வாசலில் இறக்கிவிட்டாள். கடைசிப் பிள்ளை இறங்கும்வரை நிதானமாகத்தான் இருந்திருக்கிறாள். அதன் பிறகு வேனை ஓரமாக நிறுத்தி, கைப்பிரேக்கைப் போட்டு, ஸ்டியரிங் மேல் கவிழ்ந்துவிட்டாள். நெற்றி அழுத்தி ஹாரன் விடாமல் அடித்துக்கொண்டே இருந்தது என்றும், யாரோ ஓட்டுநர் திமிராக அடிக்கிறார் என்று நினைத்துத் திட்டுவதற்காகவே போனதாகவும் பள்ளி வாசல் காவலாளி சொன்னார். அந்தத் திட்டுதான் அவள் உயிரைக் காப்பாற்றியது.

ஆஸ்பத்திரியில் பணியில் இருந்த டாக்டர், ஊசியை நிறுத்தி எத்தனை நாள் ஆகிறது என்று கேட்டார். நிறுத்தவில்லை என்று அக்காள் கணவரும் நானும் ஒரே குரலில் சொன்னோம். அவர் எங்களைப் பார்த்த பார்வையில் அக்காள் கணவர் அப்போதே வீட்டுக்குப் போய் ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தார். பால் பாக்கெட்டுகளுக்குப் பின்னால் ஐந்து இன்சுலின் பேனாக்கள் மூடி திறக்காமல் இருந்தன. வேனில் இருந்த அவள் பையில், தேதி போட்டுக் கோடு கிழித்துவைக்கும் சிறிய நோட்டு ஒன்று கிடைத்தது. நாற்பது நாட்களுக்கு முன்பு "இன்று முதல் ஊசி இல்லை, பாப்பா பொடி மட்டும்" என்று எழுதியிருந்தாள். கடைசி இரண்டு நாட்களுக்கு மட்டும் கோடு இல்லை. அவர் டப்பாவையும் நோட்டையும் கொண்டுவந்து டாக்டரிடம் கொடுத்தார். டாக்டர் டப்பாவைத் திருப்பிப் பார்த்து, "இந்தப் படத்தைப் போட்டவங்களைக் கொண்டாந்து இந்தக் கட்டில் பக்கத்துல நிக்க வைக்கணும்" என்றார். நான் கட்டில் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

அதன் பிறகு நான் ஆஸ்பத்திரியிலிருந்து புறப்பட்டு, பிற்பகல் இரண்டு மணிக்குப் பொடி நிரப்பும் கூடத்துக்குப் போனேன். கழுத்தில் ஆய்வக அட்டை இருந்ததால் யாரும் தடுக்கவில்லை. மூன்று பெண்கள் முகத்தில் துணி கட்டிக்கொண்டு டப்பாவில் பொடி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் என்று அவர்களிடம் சொன்னேன், நின்றார்கள். தரை கழுவும் ரப்பர் குழாயை எடுத்து, மூடாமல் இருந்த ஆறு டிரம்களிலும் விளிம்புவரை தண்ணீர் விட்டேன். அவசரப்படவில்லை. ஒன்று நிறைந்த பிறகே அடுத்ததற்குப் போனேன். நாலாவது டிரம்மின்போது பேராசிரியரின் மைத்துனர் உள்ளே வந்து, "உனக்கென்ன பைத்தியமா? எத்தனை பேர் இதைச் சாப்பிட்டு நல்லாயிருக்காங்க தெரியுமா?" என்று கத்தினார். எத்தனை பேர் என்று பெயரோடு சொல்லுங்கள் என்றேன். அவர் மேல் தண்ணீர் பட்டது தற்செயலா என்று உதவி ஆய்வாளர் கேட்டார். இல்லை, குறிபார்த்துத்தான் விட்டேன். அதன் பிறகு குழாயை மூடிவிட்டு, அங்கே கிடந்த ஸ்டூலில் நீங்கள் வரும்வரை உட்கார்ந்திருந்தேன். தப்பித்து ஓடினேன் என்று புகாரில் எழுதியிருந்தால் அதையும் பொய்க் கணக்கில் சேர்த்துக்கொள்ளவும்.

கோப்புகளை நான் அழிக்கவில்லை. அவை எனக்கு எதிரான சாட்சி என்று தெரிந்தும் அழிக்கவில்லை. ஜூன் மாதத்துக் கோப்பில் தவறான மூன்று எண்களும், தேதியும், என் பெயரும் இருக்கின்றன. ஜனவரி மாதத்துக் கோப்பில் திருத்திய எண்கள் இருக்கின்றன, அதுவும் என் பெயரில்தான். இரண்டின் அச்சுப் பிரதிகளையும் என் கைப்பையிலிருந்து எடுத்து உதவி ஆய்வாளரிடம் கொடுத்துவிட்டேன். நான் அழித்துவிட்டேன் என்று பேராசிரியர் இன்றைக்கே புகார் கொடுத்திருக்கிறார் என்றால், அழிக்கும் வேலை இன்றைக்குத்தான் நடக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அவருக்கு ஒரு ராத்திரி போதும். அந்தக் கணினியை இன்றைக்கே கைப்பற்ற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சாட்சிக்கு அவர் தன் மைத்துனரைக் கொண்டுவருவார். வேலிக்கு ஓணான் சாட்சி.

இந்த இடத்தில் எழுத்தர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அம்மா, கட்டம் போட்டது நீங்கன்னு யாரும் கேக்கல. வக்கீல் வர்றவரைக்கும் அதை விட்டுடலாமே" என்றார். நல்ல மனிதர். எழுதுங்கள் என்றேன். ஏன் என்று அவர் கேட்டதற்குப் பதிலைக் கீழே சொல்கிறேன்.

மாலை நாலரை மணிக்கு, இந்த வாக்குமூலம் தொடங்கும் முன்பு, உதவி ஆய்வாளர் அனுமதித்ததன் பேரில் அக்காள் கணவரின் போனில் அக்காவிடம் பேசினேன். கண் விழித்துவிட்டாள். பார்வை மட்டும் இன்னும் மங்கலாக இருக்கிறதாம், டாக்டர் பொறுத்திருந்து பார்க்கலாம் என்றாராம். நான் ஒன்றும் சொல்லும் முன்பே அவள் மெதுவான குரலில், "ரெண்டு நாள் பொடி போட மறந்துட்டேன் பாப்பா, அதான் இப்படி ஆயிடுச்சு. உங்க புரொபசர்கிட்ட சொல்லிடாதடி, உன் மருந்துக்குக் கெட்ட பேரு வந்துடும்" என்றாள். அதன் பிறகு, "வரும்போது ஒரு டப்பா எடுத்துட்டு வா, மாமாவுக்குத் தெரிய வேணாம்" என்றாள்.

அந்தப் பொடி ஒன்றுக்கும் உதவாது, கட்டத்தைத் தவறான இடத்தில் போட்டவள் நான் என்று போனிலேயே சொன்னேன். அவள் நம்பவில்லை. என்னை யாரோ மிரட்டி அப்படிச் சொல்ல வைக்கிறார்கள் என்று நினைக்கிறாள். இன்சுலின் வேண்டாம் என்று நர்ஸிடம் தகராறு செய்கிறாளாம். அவளுக்கு வாய் வார்த்தை போதாது. அச்சில் வந்தால்தான் நம்புவாள், டப்பாவை நம்பியதும் அப்படித்தான். அதனால் இந்த வாக்குமூலத்தின் நகல் ஒன்றை, நிலைய முத்திரை வைத்து, இன்றைக்கே அக்காள் கணவரிடம் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கோர்ட்டுக்குப் போகும் நகல் மெதுவாகப் போகட்டும். அவளுக்குக் கண் தெளியும்வரை அவர் வாசித்துக் காட்டட்டும். என் தங்கை தப்புச் செய்துவிட்டாள் என்று முத்திரை வைத்த தாளில் கேட்டால்தான் அவள் ஊசிக்குக் கையை நீட்டுவாள். எழுத்தர் கேட்டதற்கு இதுதான் பதில்.

மேலே உள்ளவை நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்டு எனக்கு முழுவதும் வாசித்துக் காட்டப்பட்டன. பேராசிரியரிடம் போய்வந்த பிறகு நான் பேசாமல் இருந்ததைப் பற்றிய இடத்தில் எழுத்தர் என் மேல் இரக்கப்பட்டு "சில நாட்கள்" என்று எழுதியிருந்தார். அதை அடித்துவிட்டு, "பதினெட்டு நாட்கள், இதில் நேற்றும் சேர்த்தி" என்று ஓரத்தில் எழுதச் சொல்லி, அடித்தலுக்குப் பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டேன். வேறு திருத்தம் இல்லை. சொன்னது அத்தனையும் உண்மை, யார் சொல்லியும் சொல்லவில்லை.

(ஒப்பம்)

முடிந்த நேரம் மாலை 6.40. நகல் ஒன்று, முத்திரையுடன், குற்றம் சாட்டப்பட்டவரின் அக்காள் கணவரிடம் மாலை 6.55-க்குக் கொடுக்கப்பட்டது.